புரொபெசோரேயின் ஐஸ்

கரண்ட் போனால் உங்கள் வீட்டில் யார் எதற்காகக் கத்துவார்கள்? எங்கள் வீட்டில் அம்மா மீனுக்காகக் கத்துவாள், தம்பி வைஃபைக்காகக் கத்துவான். அப்பா கத்தமாட்டார். பால்கனியில் போய் நின்று எதிர்வீட்டிலும் போயிருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார். போயிருந்தால் நிம்மதியாக உள்ளே வந்து படுத்துவிடுவார். நான் மட்டும் குசினிக் கதிரையில் உட்கார்ந்து ஃப்ரீசர் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதன் மேல்தட்டில், சூரை மீன் பொதிக்கும் கறிவேப்பிலைப் பைக்கும் நடுவே, மூடி போட்ட ஒரு சின்ன எவர்சில்வர் கோப்பை இருக்கிறது. கோப்பைக்குள் ஊறுகாய் போடுகிற தேசிக்காய் அளவில் ஒரு ஐஸ் துண்டு. வெள்ளை இல்லை, சாம்பல் நிறம். நடுவில் கறுப்பாக ஒரு மணல் கோடு ஓடும். இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து ஆபிரிக்கப் பக்கத்துச் சுடுகாற்று அடிக்கிறது, பல்லாரோ சந்தையே வாயைப் பொத்திக்கொண்டு கிடக்கிறது, இத்தாலியின் பலெர்மோ நகரத்தில் எங்கள் பகுதியான அல்பெர்கேரியா முழுக்கக் கரண்ட் இல்லை. பின்னேரம் ஒரு கிழவர் வடக்கேயிருந்து போன் எடுத்து, அந்த ஐஸ் இருக்கிறதா என்று என்னிடம் கேட்பார். அது கரைந்தால் அந்தக் கிழவர் செத்துப்போவார் என்பது என் சித்தப்பாவின் கட்சி. நான் பொருளியலில் பட்டம் வாங்கியவள், இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை. அப்படியென்றால் ஏன் இப்படி வியர்க்கிறது என்று கேட்டால், வெளியே வெயில் என்று சொல்வேன்.

சித்தப்பா என்றால் அப்பாவின் கடைசித் தம்பி. மன்னார்க்காரர், மெலிந்த நெடிய மனிதர், எந்த நேரமும் அயர்ன் பண்ணின வெள்ளைச் சேர்ட். சித்தியும் பிள்ளைகளும் இங்கிலாந்துக்குப் போன பிறகும் அவர் மட்டும் பலெர்மோவில் நின்றுவிட்டார். காரணம் கேட்டால் "மனிசனை ஆர் பாக்கிறது" என்பார். மனிசன் என்றால் புரொபெசோரே, இத்தாலியனில் வாத்தியார். ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் இயற்கை விஞ்ஞானம் படிப்பித்தவர், மனைவி இறந்த பிறகு பெரிய தெருவொன்றின் பழைய வீட்டில் நாலாம் மாடியில் கல்லுகளோடும் வரைபடங்களோடும் தனியாக இருந்தவர். சித்தப்பா அவருக்குச் சமைத்து, குளிக்கவார்த்து, சவரம் செய்து, அந்த வீட்டிலேயே தங்கி, கிழமையில் ஒரு நாள் மட்டும் எங்களிடம் வருவார். சித்தப்பா இத்தாலியன் பழகியது சந்தையில். அதனால் புரொபெசோரேயையும் சந்தைக்காரனைக் கூப்பிடுவதுபோல நீ, வா, போ என்றுதான் கூப்பிடுவார். முதல் வருடம் முழுக்க அந்த மனிதர் திருத்திப் பார்த்தாராம். பிறகு கைவிட்டு அவரும் நீ என்று கதைக்கத் தொடங்கிவிட்டார்.

இரண்டு பேருக்கும் இடையில் ஒரே ஒரு சண்டைதான், ஆனால் அது வருடக்கணக்காக நடந்தது. சித்தப்பா லீவு நாளில் விடியமுன் எழும்பி வெறுங்காலோடு பெல்லெக்ரீனோ மலைக்கு ஏறி, ஊரின் காவல் புனிதவதியான சந்த ரொசாலியாவின் குகைக்குப் போவார். அந்தக் குகையின் மேற்சுவரிலிருந்து சொட்டுகிற தண்ணீரைத் தகரப் பீலிகள் வைத்து ஏந்தியிருப்பார்கள். எங்கள் ஆட்களில் மலைக்குப் போகிற யாரும் அந்தத் தண்ணீர் இல்லாமல் திரும்பமாட்டார்கள். வீட்டில் நோயாளி இருந்தால் கட்டாயம் ஒரு போத்தல். சித்தப்பாவும் கொண்டுவந்து புரொபெசோரேயின் தலைமாட்டில் வைப்பார். அவர் அந்தப் போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "சுண்ணாம்புக் கல்லில் வடிந்த மழைத்தண்ணீர், குடித்தால் சிறுநீரகத்தில் கல் வளரும்" என்று தள்ளிவைப்பார். சித்தப்பா அதைச் சத்தமில்லாமல் சூப்புக்குள் ஊற்றிவிடுவார். புரொபெசோரேக்கும் அது தெரியும். சூப்பைக் குடித்துவிட்டு, "இன்று உன் புனிதவதிக்கு உப்புக் குறைவு" என்பாராம்.

நான் சொல்ல வந்த கதை அவருடைய இருதய வால்வு கெட்டுப்போனதோடு தொடங்குகிறது. வெட்டி மாற்றவேண்டும், இல்லாவிட்டால் அடுத்த குளிர்காலம் தாண்டாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். புரொபெசோரே மாட்டேன் என்றார். வடக்கே தொரீனோவிலிருந்து மகள் பறந்து வந்தாள், அழுதாள், கத்தினாள், பறந்து போனாள். அவர் அசையவில்லை. பிறகு ஒருநாள் சித்தப்பா சவரம் செய்துகொண்டிருக்கையில், கன்னத்தில் சோப்பு நுரையோடு, தானாக ஒரு பேச்சை எடுத்தார். எட்னாவின் வடக்குச் சரிவில், எரிமலைக் குழம்பு உறைந்த ஒரு குகைக்குள், கோடையிலும் கரையாத ஐஸ் இருக்கிறது. ஐரோப்பாவின் தெற்குக் கோடிப் பனியாறு அதுதான் என்று அவர் சொல்வார். வேலை பார்த்த காலம் முழுக்க, வருடா வருடம் பிள்ளைகளை அங்கே நடத்திக் கூட்டிக்கொண்டு போனவர். இளம் வயதில் ஐஸ் எதுவரை வந்திருந்ததோ, அங்கே சுவரில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தார். "என் ஐஸ் இன்னும் இருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வா. சிவப்புக் கோட்டில் நின்று ஒரு படம் எடு. இருந்தால் என்னை வெட்டட்டும். இல்லாவிட்டால் எல்லோரும் என்னை நிம்மதியாக விடுங்கள்." இதுதான் அவர் சொன்னது.

பகிடிக்குச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சித்தப்பாவுக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை. லீவு நாளன்று நேரே எங்கள் குசினிக்கு வந்து நின்றார்.

"பிள்ளை, உனக்குக் கார் ஓடத் தெரியும்தானே. மலைக்குப் போகோணும்."

"பெல்லெக்ரீனோவுக்கு என்னத்துக்குக் கார்? நடந்துதானே போறனீங்கள்."

"அந்த மலை இல்லை. நெருப்பு மலை."

அம்மா வெங்காயம் வெட்டினதை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "விசரே உங்களுக்கு? அது வெடிக்கிற மலையெல்லோ!"

"வெடிச்சால் வெடிக்கட்டும் அண்ணி. நேர்த்திக்கடன் வைச்சாச்சு."

"ஆர் வைச்சது?"

"புரொபெசோரே."

அம்மா சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "மகளின்ர கலியாணப் பூசைக்கே வெளியில நிண்டு பேப்பர் வாசிச்ச மனிசன். அவர் நேர்த்தி வைக்கிறாரோ?"

"தான் நேர்த்தி வைச்சிருக்கிறன் எண்டு அவருக்குத் தெரியாது," என்றார் சித்தப்பா. "எனக்குத் தெரியும்."

அடுத்த லீவு நாளில் அம்மா ஒரு எவர்சில்வர் கோப்பையில் கடலைக்கறியோடு புரொபெசோரேக்குக் காவலிருக்கப் போனாள். நானும் சித்தப்பாவும் அப்பாவின் பழைய காரில் விடியுமுன் கிளம்பினோம். மடியில் அவர் வைத்திருந்தது புரொபெசோரேயைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகும்போது சூப் கொண்டுபோகிற பிளாஸ்க். அதற்குள் என்ன என்று கேட்டேன். "ஒண்டுமில்லை, வெறும் பிளாஸ்க்" என்றார். வெறும் பிளாஸ்க்கை ஏன் தூக்கிக்கொண்டு வருகிறார் என்று அப்போதே நான் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. இடப்பக்கம் கடல் வெளுத்துக்கொண்டு வந்தது, அவர் செபமாலை சொல்லிக்கொண்டு வந்தார், நான் ஹெட்போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

காரை விட்ட இடத்தில் பைன் மரங்கள். சித்தப்பா இறங்கியதும் செருப்பைக் கழற்றிக் கார் சீட்டுக்குக் கீழே வைத்தார். அயர்ன் பண்ணின வெள்ளைச் சேர்ட், கழுத்தில் செபமாலை, கையில் பிளாஸ்க், வெறுங்கால். முதல்நாளிலிருந்து ஒருசந்தி நோன்பு, பச்சைத்தண்ணீர் மட்டும்தான். பெல்லெக்ரீனோவில் கல் பாவிய பாதை இருக்கிறது, கால்நூற்றாண்டு ஏறிய பழக்கத்தில் மலை என்றாலே அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டார் போல. அவருக்கு முன்னும் பின்னும் முழங்கால்வரை சப்பாத்தும் இரண்டு கையிலும் ஊன்றுகோலுமாக இத்தாலியர்கள் போனார்கள். சந்திரனுக்குப் போகிற உடுப்பு. அவர்கள் எங்களைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை.

காடு இருந்தவரை வடிவாகத்தான் இருந்தது. வெள்ளைத் தோல் உரிகிற மரங்கள், காலுக்குக் கீழே மெத்தைபோல ஊசி இலைகள், சித்தப்பா எனக்கு முன்னால் சின்னப் பெடியன் மாதிரி நடந்தார். பிறகு மரங்கள் சட்டென்று முடிந்தன. அதன் பிறகு கண்ணுக்கெட்டிய தூரம் கறுப்பு. சில இடங்களில் உறைந்த குழம்பு கயிறு கயிறாக, குழைத்த மாவை யாரோ முறுக்கிப் பாதியில் போட்டுவிட்டுப் போனதுபோலக் கிடந்தது. சில இடங்களில் உடைந்த போத்தல் மாதிரி. மேலே உச்சியிலிருந்து வெள்ளைப் புகை அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. சித்தப்பா அதைப் பார்த்துச் சிலுவை போட்டார். நான் அவருடைய கால் பட்ட கல்லைப் பார்த்தேன். அதில் ஈரமாக ஒரு சிவப்பு.

"சித்தப்பா, சப்பாத்தைப் போடுங்கோ. அப்பான்ர பூட்ஸ் என்ர பையில கிடக்கு."

"நேர்த்தி பிள்ளை."

"நேர்த்தி வைச்சது அவர். வெறுங்காலோட போ எண்டு அவர் சொன்னவரோ? போய்ப் பார் எண்டுதான் சொன்னவர். அவற்ற நேர்த்தியில நீங்கள் ஏன் எக்ஸ்ட்ரா போடுறியள்?"

அவர் நின்று யோசித்தார். சத்தியமாக, ஒரு வழக்கறிஞர் சட்டப் புத்தகத்தைப் புரட்டுகிற மாதிரி முகம். பிறகு ஒரு கல்லில் உட்கார்ந்து அப்பாவின் பூட்ஸை மாட்டினார். "அதுவும் சரிதான். உன்னைப் படிப்பிச்சது வீண்போகேல்லை." அந்தப் பட்டத்தால் எனக்கு இதுவரை கிடைத்த ஒரே பயன் அதுதான் என்றும் சொல்லலாம்.

வழியில் ஒரு புருசன் பெண்சாதி பக்கத்தில் வந்து நின்றார்கள். அந்தப் பெண், காது கேளாதவர்களோடு கதைப்பதுபோல ஒவ்வொரு சொல்லாக, எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டாள். பல்லாரோவிலிருந்து என்றேன். இல்லை, உண்மையில் எங்கிருந்து என்றாள். உண்மையில் பல்லாரோவில் மீன்காரர்கள் நிற்கிற பக்கத்திலிருந்து என்றேன். சித்தப்பா அதற்குள் பையைத் திறந்து அம்மா கட்டித் தந்த கொழுக்கட்டையை அவர்களிடம் நீட்டிக்கொண்டிருந்தார். மலைக்கு ஏறுகிறவர்கள் எதிர்ப்படுகிறவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கவேண்டும், பெல்லெக்ரீனோவில் எங்கள் ஆட்கள் அப்படித்தான். தான் ஒருவாய் தொடாமல் நாலு கொழுக்கட்டையை ஊட்டாத குறையாகக் கொடுத்தார். அவர் எந்தச் சபையைச் சேர்ந்த துறவி என்று அந்தப் பெண் என்னிடம் இரகசியமாகக் கேட்டாள்.

குகையை முதலில் கண்டது கண்ணால் இல்லை, முகத்தால். வேகிற கறுப்புக் கல்லுகளுக்கு நடுவே திடீரென்று ஒரு குளிர் மூச்சு வந்து கன்னத்தில் பட்டது. கொஞ்சம் தள்ளித் தரையில் ஒரு பெரிய வாய் திறந்திருந்தது. வாசலில் அழுக்குப் பனிச்சரிவு, அதன் பக்கத்தில் உள்ளே எதையும் தொடவேண்டாம் என்ற அறிவிப்பு. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கினோம். வெளிச்சம் நீலமாகிப் பிறகு இல்லாமல் போனது. எங்கோ தண்ணீர் சொட்டியது. டோர்ச் அடித்துத் தேடினேன். சிவப்புக் கோடு வாசலுக்குப் பக்கத்திலேயே இருந்தது, பெயின்ற் உரிந்து, ஆனாலும் சிவப்பு. அதிலிருந்து உள்ளே வெறும் ஈரக் கல்லு, அதற்குப் பின்னும் கல்லு. கடைசியில், பின்சுவரோடு ஒட்டி, சுருண்டு படுத்த நாய் மாதிரி ஒரு சாம்பல் நிற ஐஸ்.

"இதுதானோ?" என்றார் சித்தப்பா.

"இதுதான்."

"இவ்வளவுதானோ?"

அவர் கோட்டில் நின்று அந்த ஐஸையும், இடையில் கிடந்த கல்லுகளையும் மாறி மாறிப் பார்த்தார். "மனிசன் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டார் பிள்ளை," என்று மெல்லச் சொன்னார். கிட்டப் போய் எடுத்தால் படம் முழுக்க ஐஸாகத் தெரியும், அவருக்கு வித்தியாசம் பிடிபடாது என்று நான் சொன்னேன். இன்ஸ்டாகிராமுக்கு எல்லோரும் செய்வதுதானே. சித்தப்பா தலையை ஆட்டினார். "கோட்டில நிண்டு எடு எண்டவர். பொய்ப்படம் குடுத்தால் நேர்த்தி செல்லாது." அதனால் கோட்டில் நின்று எடுத்தேன். திரையில் கறுப்பு, கறுப்பு, தூரத்தில் ஃப்ளாஷ் பட்டு மினுங்கிய ஒரு வெள்ளைப் பொட்டு.

நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது டொக் டொக் என்று சத்தம் கேட்டது. சித்தப்பா உள்ளே போய், ஐஸுக்கு முன்னால் முழங்காலில் இருந்து, ஒரு கல்லால் அதன் ஓரத்தில் தட்டிக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா! தொடக்கூடாது! வாசல்ல எழுதிக் கிடக்கு!"

அவர் திரும்பிப் பார்த்த முகத்தில் கொஞ்சமும் கள்ளத்தனம் இல்லை. நான் ஏன் கத்துகிறேன் என்று உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை. "வருத்தக்காரனுக்கு மலையில இருந்து வெறுங்கையோட போறதே?" என்றார். ஐஸ் ஓரம் உடைந்து அவர் கையில் விழுந்தது. நான்தான் பிளாஸ்க்கைத் திறந்து பிடித்தேன். அபராதம் கட்டவேண்டி வருமோ என்பது மட்டும்தான் அப்போது என் மண்டையில் ஓடியது.

திரும்பிவரும் வழி முழுக்க சித்தப்பா பிளாஸ்க்கை ஒரு பச்சைப்பிள்ளையை வைத்திருப்பதுபோல வைத்திருந்தார். இடைக்கிடை காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பார்ப்பார். டக் என்று கேட்டால், "இன்னும் கட்டியாத்தான் கிடக்கு" என்பார். கார் ஏசி ஒரு பெயருக்குத்தான் வேலை செய்தது. சேஃபலு என்ற கடற்கரை ஊரைத் தாண்டியபோது சத்தம் மாறியது, உள்ளே தண்ணீர் அலம்பியது. அதன் பிறகு அவர் ஆட்டிப் பார்க்கவில்லை. "கெதியா ஓடு பிள்ளை" என்று மட்டும் சொன்னார். என் வாழ்க்கையில் ஒரு பெரியவர் என்னைக் கெதியாக ஓடச் சொன்ன ஒரே தரம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பின்னேர வெயில் புரொபெசோரேயின் கட்டில்வரை வந்திருந்தது. அம்மா பக்கத்தில் இருந்து அவருக்குத் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். அவர் முதலில் படத்தைக் கேட்டார். என் போனை மூக்குக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பெரிதாக்கவில்லை, எதுவும் கேட்கவில்லை. பிறகு போனைப் போர்வையில் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். அம்மா தோடம்பழத்தோடு என்னைப் பார்த்தாள். அந்த நேரத்தில்தான் சித்தப்பா பிளாஸ்க்கையும் ஒரு கரண்டியையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

"புரொபெசோரே, பார். உன் ஐஸ்."

அவர் திரும்பினார். பிளாஸ்க்குக்குள் எட்டிப் பார்த்தார். தண்ணீரில் தேசிக்காய் அளவில் ஒரு துண்டு மிதந்தது.

"இது எங்கிருந்து?"

"குகையிலிருந்து."

"யார் எடுத்தது?"

"நான்தான். உனக்காக. குடி."

தானாக எழுந்து உட்கார முடியாத மனிதர், ஒருவரும் பிடிக்காமல் எழுந்து உட்கார்ந்தார். "கொலைகாரா!" என்ற அவருடைய சத்தம் அந்தத் தெருவுக்கே கேட்டிருக்கும். அவ்வளவு வருடமாக ஒரு பிள்ளையைக்கூடத் தொட விட்டதில்லையாம். குகை வாசலில் எல்லோரையும் நிறுத்திக் கையைப் பொக்கெற்றுக்குள் போடச் சொல்வாராம். "மூச்சைக்கூட மெதுவாக விடச் சொன்னேன்! மூச்சைக்கூட!" அம்மா மனிதர் இப்போதே போய்விடப்போகிறார் என்று நினைத்து மாதாவைக் கூப்பிட்டாள். சித்தப்பா கரண்டியோடு அப்படியே நின்றார்.

"ஐஸ் குறைஞ்சு போச்செண்டு கோவிக்கிறாரோ?" என்று என்னிடம் தமிழில் கேட்டார்.

"இல்லை சித்தப்பா. நீங்கள் குறைச்சதுக்குக் கோவிக்கிறார்."

"இவ்வளவு துண்டுதானே!"

"அங்கை இருந்ததே கொஞ்சம்தானே."

அது அவருக்கு உறைத்தது. பிளாஸ்க்கைப் பார்த்தார். புரொபெசோரே விடவில்லை. "என்ன பார்த்துக்கொண்டு நிற்கிறாய்? கரைகிறது! ஃப்ரீசரில் வை! ஓடு!" சித்தப்பா ஓடினார். அம்மா ஓடிப்போய்க் கடலைக்கறி கொண்டுவந்த கோப்பையைக் கழுவிக் கொடுத்தாள். அப்படித்தான் எங்கள் வீட்டுக் கோப்பைக்குள் அது வந்தது.

அதற்குப் பிறகு நடந்தவைதான் எனக்கு விளங்காதவை. புரொபெசோரே பல நாட்கள் சித்தப்பாவோடு கதைக்கவில்லை. ஏதாவது தேவையென்றால், புதிதாகச் சந்தித்த ஆளிடம் கேட்பதுபோல, நீங்கள் என்று மரியாதையாகக் கேட்டாராம். சித்தப்பாவுக்கு அதுதான் பெரிய அடி. எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். ஆனால் அதே கிழமை புரொபெசோரே மகளுக்குப் போன் எடுத்து, ஒப்பரேஷனுக்குத் திகதி எடுக்கச் சொல்லிவிட்டார். மகள் சித்தப்பாவுக்கு நன்றி சொல்லி அழுதாள். நேர்த்தி பலித்துவிட்டது என்றார் சித்தப்பா. சித்தப்பாவைச் சிறைக்கு அனுப்பாமல் சாகக்கூடாது என்று கிழவர் முடிவெடுத்துவிட்டார் என்றாள் அம்மா. படத்தில் ஒரு பொட்டாவது தெரிந்ததே, இருந்தால் வெட்டட்டும் என்றுதானே சொன்னார், கணக்குச் சரி என்று நான் சொன்னேன். ஆனால் படத்தைப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பியவர் அவர். அது என் கணக்குக்குள் வரமாட்டேன் என்கிறது.

ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. கொஞ்சம் தேறியதும் மகள் அவரைத் தொரீனோவுக்குக் கூட்டிக்கொண்டு போக வந்தாள். கல்லுகளையெல்லாம் பெட்டியில் அடுக்கியது சித்தப்பா. வாசலில் சக்கர நாற்காலியில் இருந்துகொண்டு அவர் சித்தப்பாவிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "அதைத் திரும்பக் கொண்டுபோய் அங்கேயே வை." சித்தப்பா தமிழில் "ஓம்" என்றார். லிஃப்ட் கதவு மூடியது. இரண்டு பேரும் அதற்குப் பிறகு கண்டதுமில்லை, கதைத்ததுமில்லை.

கொண்டுபோய் வைக்கவில்லை. நான் கார் எடுத்துத் தருகிறேன் என்றபோதும் சித்தப்பா வரவில்லை. "அங்கை வைச்சால் மற்ற ஐஸோட சேர்ந்து இதுவும் கரைஞ்சுபோம். இஞ்சை எண்டால் கரண்ட் இருக்குமட்டும் இருக்கும். இது இருக்குமட்டும் மனிசனுக்கு ஒண்டும் ஆகாது." வேலை முடிந்து அவரும் சித்தியிடம் இங்கிலாந்துக்குப் போன நாளில் கோப்பை எங்கள் ஃப்ரீசருக்கு வந்தது. விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்து அழுவார் என்று நினைத்தேன். "மேல்தட்டில வை, கதவை அடிக்கடி திறக்காதே, மீனை மேல வைக்க விடாதே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பிறகு ஒரு ஞாயிறு பின்னேரம் புரொபெசோரே எனக்குப் போன் எடுத்தார். நம்பர் மகளிடம் இருந்ததாம். திரும்ப வைத்தாகிவிட்டதா என்று கேட்டார். இல்லை, எங்கள் வீட்டு ஃப்ரீசரில் இருக்கிறது என்றேன். இன்னொரு "கொலைகாரி" கேட்கப்போகிறது என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். "எந்தத் தட்டில்?" என்றார். மேல்தட்டில் என்றேன். "கதவை அடிக்கடி திறக்காதே" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் எடுக்கிறார். இருக்கிறதா என்பார், இருக்கிறது என்பேன். ஒருமுறை நானே கேட்டேன், வழியில் பாதி கரைந்து பிறகு கோப்பையில் உறைந்ததுதானே, இது இப்போதும் அந்த ஐஸ்தானா என்று. "குகையில் இருப்பதும் சொட்டிய தண்ணீர் உறைந்ததுதான், தொத்தொரேஸ்ஸா," என்று என் பட்டத்தைச் சொல்லிக் கூப்பிட்டார். கொஞ்சம் விட்டு, "ஆனால் அங்கே யாரும் மீன் வைப்பதில்லை" என்றார். இது ஆம் என்ற பதிலா இல்லை என்ற பதிலா? நீங்களே சொல்லுங்கள்.

அவர் போன் வைத்த கையோடு சித்தப்பா இங்கிலாந்திலிருந்து எடுப்பார்.

"குரல் எப்பிடி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"என்னைக் கேட்டவரோ?"

"கேட்டவர். அந்தக் கொலைகாரன் என்ன செய்கிறான் எண்டு கேட்டவர்."

"ஆ," என்று சித்தப்பா மூச்சு விடுவார். "அப்ப சுகமாத்தான் இருக்கிறார்."

நேரே கதையுங்கோவன், நான் என்ன உங்கள் இருவருக்கும் தபால்காரியா என்று எத்தனையோ தரம் கேட்டுவிட்டேன். பேச்சை மாற்றிவிடுவார். அவரைப் பற்றி நினைக்கும்போது எனக்கு வருவது குகைக்குள் முழங்காலில் இருந்து திரும்பிப் பார்த்த அந்த முகம்தான். அன்று நான் கத்தியது அவருக்கு விளங்கவில்லை. இன்று அவர் அங்கே இருந்துகொண்டு இங்கே என் குசினியில் எதைக் காவல் வைத்திருக்கிறார் என்பது எனக்கு விளங்கவில்லை. ஒரு கிழவரின் உயிரையா, அவரோடு போட்ட சண்டையையா, தான் கொடுத்துக் குடிக்காமல் போன ஒரு கரண்டித் தண்ணீரையா?

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சித்தப்பாவின் மெசேஜ் வந்துவிட்டது. பலெர்மோவில் கரண்ட் இல்லை என்று அங்கே யாரோ சொல்லியிருக்கிறார்கள். "பிள்ளை, என்ன நடந்தாலும் கதவைத் திறக்காதே." நான் சரி என்று போட்டு முடிக்கவில்லை, போன் அடித்தது. புரொபெசோரே. வழக்கத்தைவிட நேரத்தோடு. செய்தியில் பார்த்தேன் என்றார். குரல் மெலிந்திருந்தது, அல்லது எனக்கு அப்படிக் கேட்டது. இருக்கிறதா என்று அவர் கேட்க, தெரியாது, திறக்கக்கூடாது என்று சித்தப்பா சொல்லியிருக்கிறார் என்றேன். "தெரியாது என்றால் பார்க்கவேண்டும்," என்றார். "திற. நான் காத்திருக்கிறேன்." அம்மா வாசலில் வந்து நின்று வேண்டாம் என்று கையைக் காட்டினாள். போன் மேசையில் கிடக்கிறது, ஸ்பீக்கரில் அவர் மூச்சு விடுவது கேட்கிறது.

திறந்துவிட்டேன். கோப்பையில் பாதி ஐஸ், பாதி தண்ணீர்.